எட்டும் ஆறும் பதினாலு

"ஆறு," என்றார் வேன்காரர், ஓட்டுநர் இருக்கையில் இருந்தபடி.

"எட்டு," என்றாள் பின் கதவோரம் முக்காலியில் இருந்த அவர் மனைவி.

"எட்டும் ஆறும் பதினாலு. ஒன்னு குறையுது."

"நல்லா எண்ணிப் பாருங்க."

"கண்ணாடியைப் பாத்துத்தான் எண்றேன். ஆறுதான். உன் பக்கத்தை எண்ணு."

"என் பக்கம் என்னைக்கும் எட்டுதான். உங்க பக்கம்தான் ஏழு இருக்கணும்."

பள்ளிக்கூட வாசலில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பின்னால் நின்ற வண்டிகள் ஹாரன் அடித்தன. வேன்காரர் இன்ஜினை அணைத்தார்.

அந்த வேனுக்குள் நீளவாக்கில் இரண்டு பெஞ்சுகள், எதிரும் புதிருமாக. இடது பெஞ்சில் பெண்பிள்ளைகள், வலது பெஞ்சில் பையன்கள். ஆரம்பத்தில் அப்படி இல்லை. ஒருத்தியின் பின்னலை ஜன்னல் கம்பியோடு சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டு மூன்று பயல்கள் ஒன்றும் அறியாதவர்கள் போல இறங்கிப் போனார்கள். அன்றைக்கு வந்த ஏற்பாடு இது. வேன்காரரின் கண்ணாடியில் வலது பெஞ்சு மட்டும் தெரியும். மனைவியின் முக்காலியிலிருந்து இடது பெஞ்சு நேராகத் தெரியும். அதனால் சாயங்காலம் கிளம்பும்போது பையன்களை அவர் எண்ணுவார், பெண்களை அவள் எண்ணுவாள். ஏழு, எட்டு, பதினைந்து, கிளம்பு. ஒன்பது வருஷமாக இதில் ஒரு நாளும் பிசகியதில்லை.

"யாருடா வரலை?" என்று கேட்டார்.

பையன்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "எல்லாரும் இருக்கோம் அங்கிள்."

"எல்லாரும் இருந்தா ஏன்டா குறையுது?"

"தெரியலை அங்கிள்."

போன மாதம் வேறொரு வேனில் ஒரு குழந்தை சீட்டுக்கு அடியில் தூங்கிப்போய், பூட்டிய வண்டிக்குள் இரண்டு மணி நேரம் கிடந்ததாம். அந்தக் கதை வேன்காரர் காதுக்கும் வந்திருந்தது. குடையைக்கூட எடுக்காமல் இறங்கி ஓடினார். வாட்ச்மேன் பின்னாலேயே வந்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒரு புள்ளையைக் காணோம்."

"எந்தப் புள்ள?"

"அது தெரிஞ்சா பேரைச் சொல்லிக் கூப்பிட மாட்டேனா?"

"காணாமப் போனது யாருன்னே தெரியாம எப்படிய்யா தேடுறது?"

"புள்ளைன்னு எது கண்ணுல பட்டாலும் பிடிச்சுக்கிட்டு வா!"

இருவரும் வகுப்பு வகுப்பாக எட்டிப் பார்த்தார்கள். கழிப்பறைக் கதவுகளைத் தட்டினார்கள். மைதானத்து ஓரத்தில் நனைந்துகொண்டிருந்த ஒரு பையைப் பார்த்து வேன்காரருக்கு உயிரே போய்விட்டது. அது யாரோ மறந்துவிட்டுப் போன பழைய பை.

வேனுக்குள் அவர் மனைவி பெஞ்சுகளுக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். முன்பற்கள் இரண்டும் விழுந்துபோன ஒரு சின்னப் பெண் அவள் முந்தானையை இழுத்தாள். எல்லோருக்கும் அவள் ஓட்டைப்பல். மருந்துக்கடை அம்மாவின் மகள்.

"ஆன்ட்டி, பதினஞ்சு இருக்கு."

"சும்மா இரு கண்ணு."

"நான் எண்ணினேன் ஆன்ட்டி. பதினஞ்சு."

"எப்படிடி பதினஞ்சு? இங்க எட்டு, அங்க ஆறு."

"இங்க எட்டு, அங்க ஆறு, அக்கா ஒன்னு."

"எந்த அக்கா?"

ஓட்டைப்பல் விரலை நீட்டினாள்.

ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் இன்ஜினை மூடிய தகரப்பெட்டி. அதன்மேல் சாக்கை நான்காக மடித்துப் போட்டு உட்கார்ந்திருந்தது அவர்களுடைய சொந்தப் பிள்ளை. பன்னிரண்டு வயசு. காதை மூடி வளர்ந்திருந்த முடியில் இரண்டு கறுப்பு ஹேர்பின். பை மடியில், முகவாய் பையின்மேல். முன் கண்ணாடியில் வழியும் மழையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

தொப்பலாக நனைந்து திரும்பிவந்த வேன்காரர் மனைவியின் முகத்தைப் பார்த்தார். அவள் பார்த்த பக்கம் பார்த்தார்.

"நீயா?" என்றார்.

"ஆமா."

"ஏன் வாயைத் திறக்கலை? மழையில நாய் மாதிரி ஓடிட்டு வர்றேன்!"

"நீங்க எண்ணுவீங்களான்னு பாத்துட்டு இருந்தேன்பா."

வாட்ச்மேன் குடையை மடக்கிக்கொண்டே கேட்டார்: "கிடைச்சிடுச்சா?"

"கிடைச்சிடுச்சு."

"எங்க இருந்துச்சு?"

வேன்காரர் வண்டியைக் கிளப்பினார்.

*

இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பிள்ளையும் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். வீட்டில் அதற்குப் பட்டப்பெயர் வாலு. வாய் ஓயாத பிள்ளை. அன்றைக்குச் சக்கரத்தைத் தேய்த்துக்கொண்டே சொன்னது.

"அப்பா, நான் பையன் இல்ல."

"பின்ன?"

"பொண்ணு."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டு இல்லப்பா. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்."

அவர் கையில் ரப்பர் குழாய். மேல்தொட்டி காலியாகும்வரை ஒரே சக்கரத்தின் மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டே நின்றார்.

அப்புறம் மூவருமாக ஒரு டாக்டரம்மாவிடம் போனார்கள். அவர் நீளமாக ஏதேதோ சொன்னார். இது நோயும் இல்லை, யாருடைய வளர்ப்பின் தப்பும் இல்லை என்றார். பிள்ளை சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள் என்றார். திரும்பி வரும் வழியில் வேன்காரர் மனைவியிடம் சொன்னார்: "கேட்டுக்கிட்டுதான் இருக்கேன். காதுல விழுது. உள்ள போக மாட்டேங்குது."

"எனக்கு மட்டும் போயிடுச்சாக்கும்?" என்றாள் அவள். "அது சொன்னப்போ எனக்குத் தூக்கிவாரிப் போடலை. ஏன் போடலைன்னுதான் எனக்குப் புரியலை."

அதற்குப் பிறகு வீட்டில் ஒரு மாதிரி ஓடிக்கொண்டிருந்தது. அவன் என்று வாயில் வந்ததைப் பாதியில் விழுங்குவார்கள். அவள் என்று சொல்ல நாக்கு கூசும். வாலு, புள்ள, கண்ணு என்று சொல்லிப் பொழுதை ஓட்டினார்கள். ஆனால் இந்தத் திங்கட்கிழமை காலையில் பிள்ளை வேன் கதவருகே வந்து நின்றுகொண்டு, "பசங்க பெஞ்சுல நான் உக்கார மாட்டேன்," என்றது.

"அப்ப எங்க உக்காருவ?"

"பொண்ணுங்க பெஞ்சுல."

மருந்துக்கடை அம்மா என்ன சொல்வாரோ, மற்ற பெற்றோர்கள் என்ன சொல்வார்களோ என்று வேன்காரருக்கு ஒரே யோசனை. "இப்போதைக்கு இன்ஜின் பெட்டி மேல உக்காரு. என் பக்கத்துலயே இருக்கலாம்ல?" என்றார். பிள்ளையும் சரியென்றது. அன்று சாயங்காலமே பதினாலு.

*

வீட்டுக்கு வந்து ஈரச் சட்டையைக் கழற்றும்போதே ஆரம்பித்துவிட்டது.

"முழங்கை இடிக்கிற தூரத்துல உக்காந்திருக்கு. அதை எண்ண உங்களுக்குக் கண்ணாடி வேணுமா?" என்றாள் மனைவி.

"அது பையன் இல்லைன்னு சொல்லுது. நான் எப்படி எண்றது? உன் பக்கம் வந்துடும்னு நினைச்சேன்."

"நிஜமா அப்படி நினைச்சீங்களா?"

அவர் துண்டால் தலையைத் துவட்டினார். வெகுநேரம் துவட்டினார்.

"இல்ல. ஒன்னுமே நினைக்கலை. அதான் எனக்குத் திக்குங்குது."

அவள் அடுப்பைச் சின்னதாக்கினாள். "என் லட்சணமும் அதான். எட்டுன்னு வந்ததும் நிறுத்திட்டேன். பழக்கம். பெத்தவ நான், ஊரான் புள்ளைக்குப் பெஞ்சுக்கு அடியில எல்லாம் தேடுறேன்."

"அது எங்க?"

"உள்ள. ஹோம்வொர்க்."

ஆனால் அது கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தது.

"வா, இங்க உக்காரு," என்றார் வேன்காரர். "அப்பா ஒன்னு யோசிச்சு வெச்சிருக்கேன். இனிமே பையன், பொண்ணுன்னு பிரிச்சே எண்ண வேண்டாம். நானே எழுந்து நின்னு மொத்தமா தலையை எண்ணிடறேன். பதினஞ்சு தலை. முடிஞ்சுது கதை. எப்படி?"

பிள்ளை தரையைப் பார்த்தது.

"என்ன, நல்லா இல்லையா?"

"இத்தனை வருஷம் பிரிச்சுத்தானேப்பா எண்ணுனீங்க?"

"ஆமா."

"என்னை எண்ணணும்னதும் மாத்துறீங்க."

"உனக்கு நல்லதுன்னுதான்..."

"எனக்கா?"

மனைவியைப் பார்த்தார். அவள் பாத்திரத்தைப் பார்த்தாள்.

"நாளையிலேர்ந்து நான் நடந்தே போயிக்கறேன்," என்றது பிள்ளை. "வேன் வேண்டாம்."

"நாலு கிலோமீட்டர்! லாரி போற ரோடு! என்ன பேச்சு பேசற?"

"ஓரமா போறேன்."

"அடி வாங்கப் போற."

"அடிங்க," என்றது. உள்ளே போய்விட்டது.

*

சொன்னபடியே மறுநாள் காலை அவர்கள் எழுந்திருப்பதற்குள் பிள்ளை கிளம்பிவிட்டது. சாப்பாட்டு டப்பா மட்டும் மேஜையில் இருந்தது.

வேன்காரர் வழக்கம்போல வீடு வீடாக நின்று பிள்ளைகளை ஏற்றினார். ஒவ்வொரு திருப்பத்திலும் ரோட்டோரத்தைப் பார்த்தார். பாலத்தருகே முதுகில் பையோடு போகும் ஒரு சின்ன உருவம் தெரிந்தது. பக்கத்தில் ஒரு லாரி உரசுகிற மாதிரி போயிற்று. வேனைப் பிள்ளையின் பக்கமாக ஊர்ந்து போக விட்டு ஜன்னல் கண்ணாடியை இறக்கினார்.

"ஏறு."

"எங்க உக்காரட்டும்?"

"எங்க வேணா உக்காரு. முதல்ல ஏறு."

"எங்க உக்காந்தா எண்ணுவீங்க?"

"நடுரோட்டுல நிறுத்தி வெச்சு என்ன கேள்வி கேக்கற நீ?"

பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்தது. பின் கதவு திறந்தது. "வாலு, அம்மா பக்கம் வா!" என்று கூப்பிட்டாள் மனைவி.

பிள்ளை நின்றது. அம்மாவைப் பார்க்கவில்லை, அப்பாவைத்தான் பார்த்தது. அவர் வாயைத் திறந்தார். வந்தது இதுதான்: "மருந்துக்கடை அம்மாவை ஒரு வார்த்தை கேட்டுட்டு..."

பிள்ளை நடக்க ஆரம்பித்துவிட்டது. மனைவி சாப்பாட்டு டப்பாவோடு இறங்கி ஓடி, அதன் கையில் திணித்துவிட்டுத் திரும்பி வந்தாள். கதவை அவள் சாத்திய சாத்தலில் வேனே ஆடியது. பள்ளிக்கூடம் வரைக்கும் வேன் பிள்ளையின் பின்னாலேயே நடை வேகத்தில் போனது. பையன்கள் ஜன்னலில் தலையை நீட்டி, "என்ன அங்கிள், பெட்ரோல் தீந்துடுச்சா?" என்று கத்தினார்கள்.

பிள்ளைகளை இறக்கிவிட்ட கையோடு அவர் மருந்துக்கடைக்குப் போனார். கல்லாவில் மருந்துக்கடை அம்மா மருந்துச்சீட்டைப் பார்த்து மாத்திரை அட்டைகளைக் கத்தரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்க. நானே போன் பண்ணணும்னு இருந்தேன்," என்றார் அவர். "நேத்து என் பொண்ணு வந்து ஏதோ சொன்னா. வேன்ல ஒரு அண்ணா அக்கா ஆயிட்டாங்கன்னு. என்னங்க அது?"

"எங்க புள்ளதாம்மா."

"ஓ."

"அது பொண்ணுங்க பெஞ்சுல உக்காரணும்னு சொல்லுது. உங்க பொண்ணும் அந்தப் பெஞ்சுதான். அதான் கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

கத்தரிக்கோல் நின்றது.

"இதெல்லாம் எனக்குப் பழக்கமில்லைங்க. பயமா இருக்கு."

"என்ன பயம்மா?"

"அதுதான் சொல்லத் தெரியலை. உங்க புள்ள தங்கமான புள்ள. என் பொண்ணு காய்ச்சல்ல வாந்தி எடுத்த அன்னைக்கு அதுதான் துடைச்சு விட்டுச்சு. எனக்குத் தெரியும். இருந்தாலும் பயமா இருக்கு. நாளைக்கு இவ ஏதாவது கேட்டா நான் என்ன பதில் சொல்றது?"

"அவ ஒன்னும் கேக்கலையேம்மா. நேத்து நாங்க ரெண்டு பேரும் எண்ணத் தெரியாம முழிச்சப்போ அவதான் எங்களுக்கு எண்ணிக் குடுத்தா."

"நீங்க என்ன நினைக்கறீங்க? உங்களுக்கு இது சரின்னு படுதா?"

வேன்காரர் கல்லாவின் விளிம்பை விரலால் தேய்த்தார்.

"சத்தியமா தெரியலைம்மா. பன்னெண்டு வருஷமா தூக்கி வளர்த்த புள்ள. இன்னைக்குக் காலையில ரோட்டோரமா நடந்து போகுது. லாரிக்காரன் ஹாரன் அடிச்சுட்டுப் போறான். அது மட்டும் சரியில்லைன்னு தெரியுது. மத்ததெல்லாம் தலையும் புரியலை, வாலும் புரியலை."

மருந்துக்கடை அம்மா ஒரு அட்டையை எடுத்தார். வெட்டாமலே திரும்ப வைத்தார்.

"என் பொண்ணு வேனை நான் நிறுத்தலை. இப்போதைக்கு அவ்வளவுதான் என்னால சொல்ல முடியும்," என்றார். "மத்ததைக் கேக்காதீங்க."

"அது போதும்மா," என்றார். எதற்குப் போதும் என்று அவருக்கே விளங்கவில்லை.

*

சாயங்காலம் மழை இல்லை. பிள்ளைகள் ஒவ்வொருவராக ஏறினார்கள். வாட்ச்மேன் கேட்டருகே ஸ்டூலில் இருந்தார். அவருக்குப் பக்கத்தில், சுவரில் சாய்ந்துகொண்டு, வாலு. ஒரு செருப்பைக் கழற்றிக் கையில் வைத்திருந்தது. குதிகாலில் தோல் உரிந்திருந்தது.

"ஏறலையா?" என்றார் வாட்ச்மேன்.

"நடந்து போறேன் தாத்தா."

"இந்தக் காலை வெச்சுக்கிட்டா? ஒரு காலால நொண்டி அடிச்சுப் போறதுன்னா சொல்லு, நானும் கூட வர்றேன், எனக்கும் ஒன்னுதான் சரியா இருக்கு."

பிள்ளை சிரிக்கவில்லை. ஆனால் உதட்டைக் கடித்துக்கொண்டது.

வேனுக்குள் கணக்கு எடுக்கும் நேரம். முன்னாலும் பின்னாலும் இருந்த இருவரும் காலையிலிருந்து ஒருவரோடொருவர் பேசவில்லை. கதவைச் சாத்திய சாத்தலோடு பேச்சு நின்றிருந்தது. அவரவர் மனசில் அவரவர் முடிவு.

மனைவி பின் கதவிலிருந்து எட்டிக் கேட்டைப் பார்த்தாள். பெஞ்சைப் பார்த்தாள். தெருவில் போகிறவர்களுக்கெல்லாம் கேட்கிற மாதிரி, "ஒன்பது!" என்று கத்தினாள்.

அதே மூச்சில் முன்னாலிருந்து, அதைவிட உரக்க, "ஏழு!" என்று வந்தது.

பிள்ளைகள் முன்னாலும் பின்னாலும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"ஒன்பதும் ஏழும் பதினாறு ஆன்ட்டி," என்றாள் ஓட்டைப்பல்.

"ஏங்க, ஏழு எப்படி வந்துச்சு? அங்க ஆறுதானே இருக்கு?"

"வெளிய நிக்குதே, அதைச் சேத்துத்தான். இனிமே விட்டுட மாட்டேன்னு நினைச்சேன். உனக்கு எப்படி ஒன்பது?"

"நானும் அதைச் சேத்துத்தான்!"

வாட்ச்மேன் எழுந்து வந்து வேனுக்குள் எட்டிப் பார்த்தார். "நேத்து ஒன்னைக் காணோம்னு என்னை மழையில ஓட விட்டீங்க. இன்னைக்கு ஒன்னு ஜாஸ்தியா? யோவ், உன் வண்டி என்ன, பள்ளிக்கூடத்துலேர்ந்து புள்ள திருடுதா?"

பெஞ்சுகள் இரண்டும் கொல்லென்று சிரித்தன. சுவரோரம் நின்ற வாலுவுக்கும் அடக்க முடியவில்லை. செருப்பைக் கையில் பிடித்தபடி சிரித்தது. சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"நான் ஒருத்திதானேப்பா?" என்றது. "ரெண்டு பேரும் எண்ணினா எப்படி?"

வேன்காரர் இறங்கி வந்தார். கேட்டுக்கும் வேனுக்கும் நடுவில் நின்றார். ஏழு என்று மடக்கிய விரல்கள் இன்னும் அப்படியே இருந்தன. ஒரு கை முழுசாக மடங்கி, மறு கையில் இரண்டு.

"யாராவது ஒருத்தர் விட்டுக் குடுக்கணும்," என்றாள் மனைவி, மெதுவாக.

"பொறு," என்றார்.

"பின்னால வண்டி நிக்குது."

"நிக்கட்டும். பொறு."

அவர் பிள்ளையின் குதிகாலைப் பார்த்தார். ஹேர்பின்னைப் பார்த்தார். எதைப் பார்த்தால் புரியும் என்று தேடுகிறவர் போல இருந்தது. மடக்கிய விரல்களில் கடைசி விரலைப் பிரித்தார். பிரித்துவிட்டு மறுபடி மடக்கினார். பிறகு பிரித்தார்.

"ஆறு," என்றார். வேன் பக்கம் திரும்பி இன்னொரு தரம் சொன்னார். "என் பக்கம் ஆறுதான்."

"என் பக்கம் ஒன்பது," என்றாள் மனைவி.

"பதினஞ்சு!" என்றாள் ஓட்டைப்பல். இந்த முறை யாரும் அவளைச் சும்மா இருக்கச் சொல்லவில்லை.

"ஏறு," என்றார் மகளிடம். "பின் கதவால ஏறு. அம்மா பக்கம்."

"மருந்துக்கடை ஆன்ட்டி?"

"போய்ப் பேசினேன்."

"என்ன சொன்னாங்க?"

"அவங்களுக்கும் ஒன்னும் புரியலையாம்."

அவள் நொண்டிக்கொண்டே போய் ஏறினாள். இடது பெஞ்சில் எட்டுப் பேரும் இடித்துப் பிடித்து நகர்ந்தார்கள். ஓட்டைப்பல் தன் பையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

வேன்காரர் ஓட்டுநர் இருக்கைக்கு வந்தார். பக்கத்தில் இன்ஜின் பெட்டிமேல் மடித்த சாக்கு மட்டும் இருந்தது. கண்ணாடியில் வலது பெஞ்சு, ஆறு பையன்கள். எண்ணியது சரிதான். ஆனாலும் அவர் கையை உயர்த்திக் கண்ணாடியைக் கொஞ்சம் திருப்பினார். மகளின் ஒரு காதும் ஒரு ஹேர்பின்னும் தெரிந்தன. இன்னும் கொஞ்சம் திருப்பினார்.

"அங்கிள், இப்ப நான் தெரியலை!" என்று வலது பெஞ்சின் கோடியிலிருந்து ஒரு பையன் கத்தினான்.

இந்தப் பக்கம் திருப்பினார். அவன் தெரிந்தான், மகள் போய்விட்டாள். அந்தப் பக்கம் திருப்பினார். மகள் வந்தாள், இரண்டு பையன்கள் போய்விட்டார்கள்.

"என்ன பண்றீங்க அங்க?" என்றாள் மனைவி.

"எல்லாரும் தெரிய மாட்டேங்குது."

"என்னைக்கு எல்லாரும் தெரிஞ்சாங்க? நீங்க உங்களுக்குத் தெரியறதை எண்ணுங்க, எனக்குத் தெரியறதை நான் எண்றேன். வண்டியை எடுங்க."

"இரு, இரு," என்றார், கண்ணாடியை விடாமல். "இன்னும் ஒரு நூல்."